திரும்பத் திரும்ப நொண்டும் குதிரை: தேடலை எங்கிருந்து தொடங்குவது

குதிரை நொண்டுகிறது. இரண்டு வாரம் கட்டிப்போடுகிறோம், வலி மருந்து கொடுக்கிறோம், சரியாகிவிடுகிறது. சேணம் ஏற்றிய பத்தாவது நாள் அதே கால், அதே தலையாட்டல். எங்கள் செவலைப் பெட்டையோடு ஒரே வருடத்தில் மூன்று முறை இந்தச் சுற்றைச் சுற்றினேன். முதல் முறை தோள் பிடிப்பு என்றார்கள். இரண்டாவது முறை சுளுக்கு. மூன்றாவது முறை, "அதுக்கு ஒண்ணும் இல்ல, சோம்பல்." முதல் இரண்டுக்கும் தைலம் தடவினோம், மூன்றாவதற்குச் சாட்டை காட்டினோம். வலி அத்தனை நாளும் இரண்டு முன்குளம்புகளின் பின்பகுதியில் இருந்தது.

பாதித் தப்பு என்னுடையது. ஒவ்வொரு முறையும் "என்ன வியாதி?" என்றுதான் கேட்டேன். "எந்தக் காலில், எந்த இடத்தில் வலி?" என்று கேட்கவே இல்லை. காய்ச்சல் மாதிரி நொண்டலும் ஓர் அறிகுறிதான். இடம் தெரியாமல் கொடுக்கிற மருந்து எல்லாம் ஓய்வோடு சேர்ந்து வேலை செய்வதுபோலத் தெரியும், வேலைக்குத் திரும்பியதும் வேஷம் கலையும். கீழே உள்ளதை நொண்டல் வரும் விதத்தை வைத்துப் பிரித்திருக்கிறேன். இதைப் படித்து நீங்களே வைத்தியம் பார்ப்பதற்காக இல்லை. மருத்துவர் வரும்போது அவர் கையில் என்ன கொடுக்க வேண்டும், எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தெரிவதற்காக.

முதலில்: காத்திருக்கக் கூடாத நொண்டல்கள்

காலைத் தரையில் ஊன்றவே மறுத்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். குளம்புச் சீழாகவும் இருக்கலாம், எலும்பு முறிவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது.

மூட்டுக்குப் பக்கத்திலோ தசைநாண் ஓடும் இடத்திலோ சின்னப் புண், கூடவே பலத்த நொண்டல் என்றால் புண்ணின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூட்டுக்குள் கிருமி போயிருந்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த மூட்டைத் தின்னும்.

குளம்பின் அடியில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்கத்தான் கை துடிக்கும். முடிந்தவரை பிடுங்காதீர்கள். ஆணி உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால்தான் அது எதைத் தொட்டிருக்கிறது என்று தெரியும். குதிரையை நகர்த்தாமல், ஆணி மேலும் உள்ளே ஏறாதபடி குளம்பைச் சுற்றிக் கெட்டியாகத் தாங்கல் கட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது என்றால் ஆணி இருந்த இடத்தையும் சாய்வையும் படம் எடுத்து, ஆணியைப் பத்திரமாக வையுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பது அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி.

முன்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே சாய்த்து, நகரவே யோசிக்கிற குதிரைக்குக் குளம்பு அழற்சி இருக்கலாம். லாமினைட்டிஸ் என்பார்கள். வேலை முடிந்ததும் வியர்த்துக் கொட்டி, பின்சப்பைத் தசை கல்லாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது தசைச் சிதைவு. நடக்கவைத்தால் இளகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

போனில் பேசும்போது எண்கள் கையில் இருந்தால் நல்லது. ஓய்வில் இருக்கும் பெரிய குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை. உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். துடிப்பு 60-ஐத் தொட்டால் அது கடுமையான வலி, அல்லது வேறு ஏதோ பெரிய கோளாறு.

எந்தக் கால் என்றே தெரியவில்லை

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. லேசான நொண்டலில் அனுபவம் உள்ள மருத்துவர்களே ஒருவருக்கொருவர் மாறுபடுவார்கள். நடையில் தேடாதீர்கள், டிராட்டில் தேடுங்கள். எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடி ஜோடியாக விழும் அந்த இரண்டு தாள ஓட்டத்தில்தான் பாரம் சமமாகப் பிரியும், பிசகினால் தெரியும். கடினமான, சமமான தரை வேண்டும். பிடிக்கிறவர் கயிற்றை ஒரு முழம் தளர விட வேண்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை ஆடாது, தலை ஆடாவிட்டால் பார்க்க வந்ததே வீண்.

முன்காலில் வலி என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். தலை இறங்கும் கால் நல்ல கால். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். கண்ணை மூடிக் காதால் கேட்டாலும் சில சமயம் பிடிபடும். நல்ல கால் தரையில் விழும் சத்தம் கனமாக இருக்கும்.

பின்காலுக்கு இடுப்பைப் பார்க்க வேண்டும். குதிரை உங்களை விட்டு விலகி ஓடும்போது, எந்தப் பக்க இடுப்பெலும்பு அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தக் காலைச் சந்தேகப்படலாம். இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டிவிட்டுப் பின்னாலிருந்து வீடியோ எடுத்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

இதில் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. இடது பின்காலில் வலி உள்ள குதிரை, அந்தக் கால் விழும்போது பாரத்தை முன்னே தள்ளும், அதற்காகத் தலையைத் தாழ்த்தும். அந்த நேரத்தில் தரையில் இருக்கும் முன்கால் எது? வலது. வலது முன்கால் படும்போது தலை தாழ்கிறது என்றால், பார்க்கிறவர் கண்ணுக்கு இடது முன்கால் நொண்டுகிறது. பின்கால் நொண்டல் அதே பக்க முன்கால் நொண்டலாக இப்படித்தான் வேஷம் போடும். முன்கால் நொண்டலோ எதிர்ப் பக்கப் பின்காலில் பொய் அசைவைக் காட்டும். எனவே தலையும் இடுப்பும் ஒரே பக்கத்தைக் குற்றம் சொன்னால் பின்காலை முதலில் பாருங்கள். குறுக்காகக் குற்றம் சொன்னால் முன்காலை. முன்குளம்புக்கு மாதக்கணக்கில் செலவு செய்தும் குணமாகாத குதிரைகளில் சிலவற்றுக்கு வலி பின்னால் இருந்திருக்கும்.

ஓய்வில் போகும், வேலைக்கு வந்தால் திரும்பும்

அதிகம் கேட்கிற புகார் இதுதான். ஓய்வில் வலி அடங்கும் வேகமும் காயம் ஆறும் வேகமும் வேறு வேறு என்பதில்தான் சிக்கல்.

தசைநாணை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கால் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கமாக இறங்கும் அந்தக் கயிறு கொஞ்சம் கிழிந்தால் இரண்டு மூன்று வாரத்தில் நொண்டல் போய்விடும். உள்ளே நார்கள் ஒழுங்காக அடுக்கிச் சேர 9 முதல் 12 மாதம் வரை ஆகும். நடுவில் "நன்றாக ஓடுகிறதே" என்று நாம் ஏறி உட்கார்ந்தால் பாதி ஆறிய இடம் மறுபடி கிழியும். தினமும் காலையில், வேலைக்கு முன், இரண்டு கால்களின் தசைநாணையும் கையால் தடவி ஒப்பிடுகிற பழக்கம் ஒன்றே போதும். ஒரு பக்கம் கொஞ்சம் சூடு, கொஞ்சம் தடிப்பு, விரலால் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்வது, இதில் எது இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேளுங்கள். அடிபட்ட அன்றே எடுத்த ஸ்கேன் சேதத்தைக் குறைத்துக் காட்டலாம். ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடுப்பதுதான் நம்பகமான தொடக்கப் படம். பிறகு வேலையைக் கூட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னும் ஒரு ஸ்கேன். நாள்காட்டியைப் பார்த்து மட்டும் கூட்டாதீர்கள்.

கடும் பயிற்சியில் இருக்கும் இளம் குதிரை, வேகமாக ஓடிய மறுநாள் நொண்டி, இரண்டு மூன்று நாளில் சுத்தமாகச் சரியாகி, அடுத்த வேக ஓட்டத்துக்குப் பின் மறுபடி நொண்டுகிறதா? வீக்கம் இல்லை, சூடு இல்லை, தொட்டால் வலி இல்லையா? எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். இந்தச் சந்தேகம் தீரும்வரை வேகமாக ஓட்டக் கூடாது. விரிசல் முழு முறிவாக மாறுவது ஓட்டத்தின் நடுவில்தான்.

அரிதாக இன்னொன்று. ஓய்வில் ஒன்றுமே இல்லாத குதிரை, வேலை தொடங்கிச் சில நிமிடங்களில் பின்காலில் நொண்டி, நின்றால் சிறிது நேரத்தில் தெளிகிறது. அப்போது அந்தக் கால் மற்றதைவிடக் குளிர்ந்து இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இடுப்புக்குள் இரத்தக்குழாய் அடைப்பில் இப்படி நடக்கும், மருத்துவர் ஆசனவாய் வழியாக ஸ்கேன் செய்தால் தெரியும்.

திடீரென்று காலைத் தூக்கிக்கொள்கிறது, சீழ் வெளியேறினால் சரி, சில மாதத்தில் மறுபடி

குளம்புச் சீழ்க்கட்டி. நேற்றுத் துள்ளிய குதிரை இன்று மூன்று காலில் நிற்கும். குளம்பு சுடும், நாடி துடிக்கும்.

அந்த நாடியைப் பார்க்கக் கற்றுக்கொள்வது குதிரை வைத்திருப்பவருக்கு மிகப் பயனுள்ள கைத்திறன். குளம்புக்கு மேலே வரும் உருண்டை மூட்டின், அதாவது ஃபெட்லாக்கின், பின்புற ஓரத்தில் விரல் நுனியை வையுங்கள். தோலுக்கு அடியில் மெல்லிய கயிறு ஒன்று விரலுக்குக் கீழே உருளும். அதன் மேல் லேசாக வைத்து, அழுத்தாமல், அரை நிமிடம் காத்திருங்கள். நல்ல காலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெல்லத் துடிக்கும். குளம்புக்குள் அழற்சி இருந்தால் விரலைத் தட்டும். நொண்டாத நாட்களில் நான்கு காலிலும் பத்து முறை பார்த்து வைத்திருந்தால்தான் நொண்டும் நாளில் வித்தியாசம் புரியும்.

ஒரு முறை வந்தால் வழக்கமான வைத்தியம் போதும்: சீழுக்கு வழி திறப்பது, கட்டுப்போடுவது. அதே குளம்பில், அதே இடத்தில் மீண்டும் வந்தால் எக்ஸ்ரே கேளுங்கள். குளம்புச் சுவருக்கு உள்பக்கம் கெரட்டோமா என்ற கட்டி வளர்ந்து எலும்பை அழுத்திக்கொண்டிருக்கலாம், குளம்பு எலும்பின் துணுக்கு ஒன்று செத்துக் கிடக்கலாம். இவை அறுவை சிகிச்சை இல்லாமல் தீராது. இரண்டு மூன்று குளம்புகளில் மாறி மாறிச் சீழ் வந்தால் அடியில் நாள்பட்ட லாமினைட்டிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் ஹார்மோன் கோளாறு இருப்பது அதிகம். இரத்தத்தில் இன்சுலின் பார்க்கச் சொல்லுங்கள். வயதான குதிரை, உடலில் முடி நீண்டு உதிராமல் நிற்கிறது என்றால் ஏசிடிஹெச் என்ற ஹார்மோனின் அளவும் பார்க்க வேண்டும். காரணம் உடலில் இருக்கக் குளம்பை மட்டும் செதுக்கிக்கொண்டிருந்தால் முடிவே வராது.

லாடம் அடித்த மூன்று நாளுக்குள்

ஆணி உயிர்ப்பகுதியைக் குத்தியிருக்கும் அல்லது நெருக்கியிருக்கும். லாடக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வோர் ஆணியாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், சண்டை பிறகு போட்டுக்கொள்ளலாம். நொண்டல் லாடம் அடித்ததும் குறைந்து, ஆறாவது ஏழாவது வாரம் குளம்பு நீண்டதும் திரும்புகிறது என்றால் அது வேறு செய்தி. முன்நுனி நீள நீளக் குளம்பின் பின்பகுதிக்குப் பளு ஏறுகிறது. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

முன்னே குறுநடை, வட்டத்தில் மோசம், எந்தக் கால் என்று சொல்ல முடியவில்லை

எங்கள் செவலையின் கதை இது. தலையாட்டல் பெரிதாக இல்லை. நடை சுருங்கிவிட்டது. கல் தரையில் முட்டைமேல் நடப்பதுபோல் வைத்தாள். நேராக ஓட்டினால் "இருக்கிறதா இல்லையா" என்கிற அளவு. கடினத் தரையில் வட்டம் போட்டால் இடது சுற்றில் இடது முன்கால் நொண்டும், வலது சுற்றில் வலது. தோள் பிடிப்பு என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. காலை முன்னே வீச மறுக்கும் குதிரையைப் பார்த்தால் தோள்தான் இறுகியிருப்பதாகத் தோன்றும்.

குதிரை தன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்களில் தாங்குகிறது. முன்கால் நொண்டலில் பெரும்பாலானவை குளம்புக்குள்தான் முடிகின்றன. தோளைக் குற்றம் சொல்வதற்கு முன் குளம்பை விடுவிக்க வேண்டும். குளம்பின் பின்பகுதியில் படகு வடிவச் சிறு எலும்பும், அதன்மேல் சுற்றி வரும் ஆழ்ந்த தசைநாணும், அவற்றுக்கு நடுவே ஒரு மெத்தைப் பையும் இருக்கின்றன. இவற்றில் எது நொந்தாலும் குதிரை பின்குளம்பைத் தரையில் வைக்கப் பயந்து நுனியை முதலில் ஊன்றும். போனில் மெதுவேக வீடியோவைத் தரைமட்டத்தில், பக்கவாட்டில் எடுத்தால் இது தெரியும். நுனி முதலில் விழுகிறதா, குதிகால் முதலில் விழுகிறதா என்பதற்கு நிபுணர் தேவையில்லை.

இந்தப் படகு எலும்புப் பகுதியின் வலிக்கு நாவிக்குலர் என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எலும்பா, தசைநாணா, குளம்பு மூட்டா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும், எதிர்பார்ப்பும் மாறும்.

தொடக்கத்தில் விறைப்பு, பத்து நிமிடத்தில் இளகிவிடும்

மூட்டுத் தேய்மானத்தின் பழக்கமான முகம் இது. பின்காலில் என்றால் ஹாக் என்கிற நடு மூட்டின் கீழ் அடுக்குகள் முதல் சந்தேகம். இரண்டு பக்கமும் சேர்ந்தே வருவதால் நொண்டலாகத் தெரியாமல், தாவ மறுப்பது, ஒரு பக்கம் திரும்பப் பிடிவாதம், குளம்பு நுனி தேய்வது என்று "குணக்கேடாக" வெளிப்படும். வேலை செய்யச் செய்யக் கூடுகிற நொண்டலில் தேய்மானத்தைவிடப் புதுக் காயத்தையும், எலும்புகளைக் கட்டும் நாரில் வந்த சேதத்தையும் முதலில் நினைக்க வேண்டும்.

கடினத் தரையா, மென்தரையா

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல்களில் இதற்கு மதிப்பு அதிகம். கடினத் தரையில், வலிக்கும் கால் வட்டத்தின் உட்புறம் இருக்கும்போது மோசமானால் குளம்பு, எலும்பு, மூட்டுப் பக்கம் சாயலாம். ஆழ்ந்த மணலில், வலிக்கும் கால் வெளிப்புறம் இருக்கும்போது மோசமானால் முழங்காலுக்குக் கீழே தொடங்கும் சஸ்பென்சரி என்ற தாங்கு நாரை நினைக்கலாம். தீர்ப்பு இல்லை, சாய்வுதான். விதியை மீறும் குதிரைகள் ஏராளம்.

ஏறினால் மட்டும் நொண்டுகிறது

இதற்குச் சேணத்தைத்தான் முதலில் திட்டுவோம். சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால் சேணத்தை மாற்றும் முன் பின்கால்களைப் பாருங்கள். பின்கால் நொண்டலால் முதுகின் அசைவு கோணிச் சேணம் சரிவது உண்டு. வலிக்கும் இடத்தை மரக்கச் செய்யும் ஊசியில் நொண்டல் போனதும் சரிவும் நின்றுவிடும்.

காதைப் பின்னே மடிப்பது, வாயைத் திறந்தே வைப்பது, வாலை அடித்துக்கொண்டே இருப்பது, தடுமாறுவது எல்லாம் கெட்ட பழக்கம் என்று தள்ளிவிடுகிறோம். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவரோடு வேலை செய்தவர்களும், சவாரியின்போது தெரியும் இப்படிப்பட்ட 24 நடத்தைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் எலும்பு, மூட்டு, தசையில் வலி இருக்க வாய்ப்பு அதிகம். எனவே பரிசோதனை நாளில், பாதுகாப்பாக இருந்தால், ஒருவர் ஏறி ஓட்டிக் காட்ட வேண்டும். கையில் பிடித்து ஓட்டியதை மட்டும் பார்த்து "நொண்டல் இல்லை" என்று எழுதிக்கொடுத்த தாளை நம்பி உட்காராதீர்கள்.

கால் மாறி மாறி, அல்லது நொண்டலே இல்லையோ

வலியால் நொண்டும் குதிரை ஒவ்வொரு அடியிலும் ஒரே மாதிரி நொண்டும். ஓர் அடி சரி, அடுத்த அடி கால் எங்கோ போய் விழுகிறது, திரும்பும்போது பின்கால் அகலச் சுழல்கிறது, பின்னுக்கு நடக்கச் சொன்னால் தடுமாறுகிறது என்றால் நரம்பு மண்டலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்கும்போதே மருத்துவர் வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்ப்பார். நல்ல குதிரை எதிர்த்து நிற்கும், நரம்புக் கோளாறு உள்ளது இழுத்த பக்கமே சாயும். இப்படிச் சந்தேகம் இருக்கும்போது யாரும் ஏறக் கூடாது.

பின்கால் பின்னே நீண்டு பூட்டிக்கொண்டு, ஒரு சொடுக்கோடு விடுபட்டால் முட்டிச்சில்லு சிக்குகிறது. தசைப் பிடிப்பு அடிக்கடி வருகிறது என்றால் வேலை முடிந்து நாலைந்து மணி நேரத்தில் இரத்தம் எடுத்து, தசை சிதைந்தால் கூடும் சிகே என்ற நொதியைப் பார்க்க வேண்டும், ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதி உயர இன்னும் நேரம் பிடிக்கும். இரண்டு நாள் கழித்து எடுத்த இரத்தத்தில் சிகே இறங்கியிருக்கக் கூடும்.

மருத்துவர் வரும் நாள்

அன்றைக்கென்று குதிரை மான் மாதிரி ஓடும். விட்டுவிட்டு வரும் நொண்டலில் இது சாபக்கேடு. அதனால் நொண்டும் நாளிலேயே படம் பிடித்து வையுங்கள். கடினத் தரையில் இருபது முப்பது மீட்டர், போவது, வருவது, பக்கவாட்டு. பிறகு இரண்டு பக்கமும் வட்டம், முடிந்தால் மென்தரையிலும். முழு உடலும் சட்டகத்துக்குள், போன் ஆடாமல், பேச்சில்லாமல்.

கூடவே ஒரு நோட்டு. தேதி, எந்தத் தரை, என்ன வேலை, லாடம் அடித்து எத்தனை நாள், என்ன மருந்து, எத்தனை நாளில் தெளிந்தது. ஆறு மாத நோட்டைப் புரட்டிய மருத்துவர் என்னிடம் கேட்டார், "ஏங்க, ஒவ்வொரு தடவையும் லாடம் அடிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் நொண்டியிருக்கு, கவனிச்சீங்களா?" எழுதிய நானே கவனிக்கவில்லை.

ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்து உடலில் இருந்தால் தேடும் வலி மறைந்துபோகும். எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று அவரிடமே கேளுங்கள். கொடுத்ததை மறைக்க வேண்டாம். நீங்களாகக் கூட்டிக் கொடுப்பதும் வேண்டாம், வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கேடும் அதன் மறுபக்கம். லாடத்தைக் கழற்றி வைக்காதீர்கள், வெறுங்குளம்பு வேறு ஒரு நொண்டலைக் காட்டும்.

அவர் நொண்டலுக்கு மதிப்பெண் போடுவார். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் அளவுகோலில் 0 என்றால் நொண்டலே இல்லை, 3 என்றால் டிராட்டில் எப்போதும் தெரியும், 5 என்றால் காலில் பாரம் வைப்பதே அரிது, அல்லது நகரவே முடியவில்லை. சில நாடுகளில் 10 வரை போடுவார்கள். எந்த அளவுகோல் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும். பிறகு குளம்பு இடுக்கியால் அடிப்பாகத்தை அழுத்திப் பார்ப்பது, மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓட்டுவது. மடக்கியதும் நாலு அடி நொண்டினாலே மூட்டு கெட்டது என்று பயப்பட வேண்டாம். நல்ல குதிரைகளும் நொண்டும். இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

மரப்பு ஊசி: இதைத் தவிர்க்காதீர்கள்

படம் எடுப்பதற்கு முன் வலியின் இடத்தைப் பூட்ட வேண்டும். மெப்பிவகெய்ன் போன்ற மரப்பு மருந்தைக் காலின் நரம்புகளைச் சுற்றிக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு கட்டமாகப் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து நிமிடம்போல் விட்டு, மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். எந்தக் கட்டத்தில் நொண்டல் மறைகிறதோ, வலி அங்கே அல்லது அதற்குக் கீழே. எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தால் மட்டும் போடக் கூடாது. வலி போன குதிரை முழுப் பாரத்தையும் வைத்து உடைத்துக்கொள்ளும்.

செவலைக்கு இடது முன்காலில் குதிகால் நரம்புக்கு ஊசி போட்டார். போட்ட தோலைப் பேனா மூடியால் அழுத்திப் பார்த்தார், அவள் அசையவில்லை. மறுபடி ஓட்டினோம். இடது கால் கம்பி மாதிரி விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தொண்டைக்கு வருவதற்குள் அவள் வலது காலில் தலையாட்டத் தொடங்கினாள், முன்பு இருந்ததைவிடத் தெளிவாக. இரண்டு காலும் வலித்ததால் ஒன்றை ஒன்று மறைத்திருந்தது. வலதிலும் போட்டதும், ஒரு வருடமாக நான் பார்க்காத நீண்ட நடை திரும்பியது. அதைப் பார்த்து அங்கேயே அவள் குணமாகிவிட்டாள் என்று நினைக்கிற ஆசையைக் கட்டுப்படுத்த வேண்டும். மருந்தின் வேலை சில மணி நேரம்தான், அதுவரை லாயத்தில் நிற்க வேண்டும்.

இந்தக் குதிகால் ஊசி குளம்பின் பின்பகுதியை மட்டும்தான் மரக்கச் செய்யும் என்று பழைய நம்பிக்கை. உண்மையில் அது குளம்பின் பெரும்பகுதியை மரக்கச் செய்யும். எனவே அதோடு "நாவிக்குலர்" என்று முடிவு கட்டாமல், குளம்பு மூட்டுக்கும் மெத்தைப் பைக்கும் தனித்தனி ஊசி வேறொரு நாள் தேவைப்படலாம். ஒரே நாளில் எல்லாம் முடியாததை மருத்துவரின் திறமைக்குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தப் படம், எப்போது

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நாரைக் காட்டாது. இடத்தைப் பூட்டாமல் எட்டு மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவது ஒரு தேய்மானம் கண்டிப்பாகக் கிடைக்கும், அதற்கும் நொண்டலுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். புது விரிசல் முதல் நாள் தெரியாமல் பத்து நாள் கழித்துத் தெரிவது வழக்கம், ஆகவே மறுபடம் எடுக்கத் தயங்க வேண்டாம். தசைநாணுக்கும் நாருக்கும் அல்ட்ராசவுண்ட். ஆனால் குளம்புச் சுவர் அதன் ஒலியை மறிப்பதால் குளம்புக்குள் இருக்கும் நாருக்கு எம்ஆர்ஐ வேண்டும். நின்ற நிலையிலேயே, மயக்க மருந்தில் ஆழ்த்தாமல் எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. செவலைக்குப் படகு எலும்பு எக்ஸ்ரேயில் பெரிய குறை இல்லாமல் இருந்தது. தசைநாணின் கிழிசல் எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது.

பரிசோதனை நாளில் நொண்டவே நொண்டாத குதிரைக்கும், ஊசியில் இடம் பிடிபடாத குதிரைக்கும், விரிசல் சந்தேகத்துக்கும் எலும்பு ஸ்கேன் பயன்படும். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, எலும்பு எங்கே சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஒன்றிரண்டு நாள் குதிரை தனிமையில் இருக்க வேண்டும். இது இடத்தைச் சுட்டும், வியாதியின் பெயரைச் சொல்லாது.

எல்லாம் செய்தும் விடை இல்லை என்றால்

முதலில், எந்த ஊசி எங்கே போட்டது, எத்தனை விழுக்காடு குறைந்தது, எத்தனை நிமிடத்தில் பார்த்தது என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு மருத்துவரிடம் போனால் அவர் தொடங்க வேண்டிய இடம் அதுதான், அது இல்லாவிட்டால் திரும்பவும் குளம்பிலிருந்து தொடங்குவார். அதே பக்கப் பின்காலைப் பார்த்தார்களா, கழுத்தின் கீழ் முள்ளெலும்புகளைப் பார்த்தார்களா, ஏறி ஓட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நொண்டல் மிகவும் லேசாக இருந்தால், கொஞ்சம் வேலை கொடுத்து அதை வெளியே வரவைத்துப் பிறகு பார்க்கலாமா என்றும் கேட்கலாம். அதை அவர் சொல்லித்தான் செய்ய வேண்டும், விரிசல் சந்தேகம் தீர்ந்த பிறகு.

லாடக்காரரையும் மருத்துவரையும் ஒரே நேரத்தில் அந்த எக்ஸ்ரேயின் முன் நிற்கவையுங்கள். எனக்கு அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. நின்று பேசியது இருபது நிமிடம். முன்நுனியைப் பின்னே கொண்டுவந்து, லாடம் அடிக்கும் இடைவெளியை எட்டு வாரத்திலிருந்து ஐந்தாக்கினார்கள். நோட்டில் இப்போதும் எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் லாடத்துக்கு ஒரு வாரம் முன் வீடியோ எடுக்கிறேன்.